ப்ராகுக்கு வர வேண்டாம், அக்கா

ப்ராக், ஷிஷ்கோவ்
செப்டம்பர், மறுபடியும் மழை

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்கா லுட்மிலாவுக்கு,

தம்பி பொஹுமில் வணங்கி எழுதுவது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன், நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே ஓலோமோட்ஸில் உன் முழங்காலும் ரத்த அழுத்தமும் உன்னைத் தொந்தரவு செய்யாமல் இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன், அவர் என் பேச்சைக் கேட்பார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லாவிட்டாலும்.

உன் கடிதம் கிடைத்தது. அத்தான் லுபோஷ் போன பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் சூப்கூடத் தொண்டையில் இறங்கவில்லை என்றும், முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது, அக்டோபரில் அங்கே போய்விடுவாய் என்றும், அதற்கு முன் ஒரு வாரம் என்னிடம் வந்து தங்கி, ப்ராகிலிருந்து தினம் ஒரு ஊருக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பலாம், திட்டம் போட்டு வை என்றும் எழுதியிருந்தாய். இத்தனை வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அக்கா வாய்விட்டுக் கேட்கும்போது எப்படி மறுப்பது? அதனால் ஒவ்வொரு ஊருக்கும் முதலில் நானே போய்ப் பார்த்து வந்தேன். பார்த்தவரையில் சொல்கிறேன், வராதே.

முதலில் கார்ல்ஷ்டெயின் கோட்டை. ரயிலை விட்டு இறங்கினதும் ஒரே ஏற்றம், வழி நெடுக பொம்மைக் கடை, உன் முழங்கால் பாதி வழியிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிடும். நான் மூச்சு வாங்க ஓரமாக நின்றேன், அவ்வளவுதான் செய்த குற்றம். மஞ்சள் குடை பிடித்த ஒரு சுற்றுலா வழிகாட்டிப் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள், காதில் ஏதோ ஒரு கருவியை மாட்டினாள், ஸ்பெயின்காரக் கிழவர்கள் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர்களில் ஒருத்தர் காணாமல் போயிருந்தாராம், அது நான்தான் என்று அவளே முடிவு பண்ணிவிட்டாள். நான் செக் மொழியில் எவ்வளவோ சொன்னேன். அவள் முதுகில் தட்டிக்கொடுத்துச் சிரித்தாள். கோட்டைக் கதை முழுக்க ஸ்பானிஷில் காதில் ஓடியது, ஒரு வார்த்தை புரியவில்லை, மத்தியானம் அவர்களோடு உட்கார்த்தி வாத்துக்கறியும் மாவு உருண்டையும் போட்டார்கள், பேருந்தில் ஏற்றும்போதுதான் நிஜமான ஆள் வந்து சேர்ந்தார். அத்தனை பேரும் என்னைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். ஆனால் அக்கா, என் மனைவி யானா செத்த பிறகு என்னைத் தேடி ஒருத்தி ஓடி வந்தது அன்றைக்குத்தான். அதை நினைத்து ரயிலில் அழுதுவிட்டேன்.

அடுத்தது குட்னா ஹோரா, அந்த எலும்புக் கோயில். உனக்கு வேண்டவே வேண்டாம். மண்டையோடெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு சாய்ஞ்சுகிட்டு என்னமா சேர்ந்து இருக்குதுங்க தெரியுமா! எனக்குப் பொறாமையாப் போச்சு. ஒரு ஓரமா உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்துட்டேன். காவலுக்கு இருந்த அம்மா வந்து, "பெரியவரே, மூடப் போறோம், எழுந்திருங்க"ன்னா. "ஏம்மா, இத்தனை பேர் இருக்காங்க, என்னை மட்டும் விரட்டுறியே?"ன்னேன். "அவங்கல்லாம் வாயைத் தொறக்க மாட்டாங்க"ன்னா. வெளிய வந்தா மழை. குடை உள்ளேயே கிடந்துச்சு, கதவைப் பூட்டிட்டாங்க.

மூணாவதாத்தான் நம்ம காடு. பேரை எழுத மாட்டேன், உனக்கே தெரியும். அப்பா நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் காட்டின காளான் மேடு. நீ அத்தான்கிட்ட சொன்ன, அத்தான் பீர் மேஜையில சொன்னாரு, அடுத்த சனிக்கிழமை ஓலோமோட்ஸே கூடையைத் தூக்கிட்டு வந்து நின்னுச்சு. அதுக்காகத்தானே உன்னோட பேச்சை விட்டேன். அப்பா வீட்டை வித்த பணத்தை நீயே வச்சிருந்தாலும் மன்னிச்சிருப்பேன், இதை எப்படி மன்னிக்கிறது? சரி, போய்த்தான் பார்ப்போமேன்னு காலையில ரயில் ஏறினா, எதிர் சீட்டுல நம்ம மாடி வீட்டு ஹ்ருஷ்கா.

"எங்க பொஹுமில் சார், இவ்வளவு காலையில?"

"பல் டாக்டர்கிட்ட."

"கூடையோடயா?"

"பல்லு செட்டு வாங்கிட்டு வரணும். நீங்க எங்க?"

"அத்தைக்கு உடம்பு சரியில்ல."

"அதுக்கு ரப்பர் பூட்ஸ் எதுக்கு?"

"அத்தை வீடு ஒழுகுது சார்."

ரெண்டு பேரும் ஒரே ஸ்டேஷன்ல இறங்கினோம். மேடு இருக்கிறது வலது பக்கம், அதனால நான் விறுவிறுன்னு இடது பக்கம் நடந்தேன். அந்த மனுஷன் நேரா நடந்தாரு. சுத்திட்டு வந்தா குளத்தங்கரையில எதிர்க்க வர்றாரு. "டாக்டர் இங்கயா இருக்காரு?"ன்னாரு. "அத்தை குளத்துலயா இருக்காங்க?"ன்னேன். மறுபடி பிரிஞ்சோம், கோழிப் பண்ணைக்குப் பின்னால மறுபடி முட்டிக்கிட்டோம். நான் வலது பக்கம் திரும்பினா அவர் பார்த்துடுவாரு, அவரும் அப்படியே என்னைப் பார்த்துப் பார்த்து எங்கெங்கயோ சுத்தறாரு. சாயங்காலம் வரைக்கும் ரெண்டு கிழமும் காட்டுக்குள்ள கால் வைக்காம ஊரையே வலம் வந்தோம். கடைசியில தொப்பலா நனைஞ்சு ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்தோம். ரொட்டிக்கு நடுவுல பொரிச்ச கறி வச்சு எடுத்துட்டுப் போயிருந்தேன், பாதியைக் குடுத்தேன். தின்னுகிட்டே சொல்றாரு, "எங்க அத்தையெல்லாம் செத்து ரொம்ப நாளாச்சு சார். என் தங்கச்சிக்கு இங்க ஒரு காளான் இடம் இருந்துச்சு. எனக்குச் சொல்லவே மாட்டா. போன வருஷம் போயிட்டா. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து தேடுறேன், கிடைக்கலை."

என் பாதி ரொட்டியையும் அவர் கையிலயே வச்சுட்டேன்.

நேத்து தனியாப் போய்ப் பார்த்தேன். காடே இல்லைக்கா. மரப்பட்டைப் பூச்சி விழுந்து, மொத்தமா வெட்டிச் சாய்ச்சுட்டாங்க. வெறும் கட்டையும் சேறும்தான். பார்க்க ஒண்ணுமே மிச்சம் இல்லை. ஆகவே நீ வந்து, மழையில் நனைந்து, சளி பிடித்து, முதியோர் இல்லத்துக்குப் போகும்போதே இருமிக்கொண்டு போவதைவிட, ஓலோமோட்ஸிலேயே ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது உத்தமம் என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

உன் பக்கத்து வீட்டாருக்கும் பூனைக்கும் என் விசாரிப்புகள். அத்தான் ஆன்மா சாந்தியடையட்டும், போன இடத்திலாவது வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
பொஹுமில்

பி.கு.: காட்டை யாரும் வெட்டலை. தபால்ல போற கடுதாசி, எவன் பிரிச்சுப் படிப்பானோன்னு மேலே அப்படி எழுதிட்டேன், பழக்கதோஷம். இதை மட்டும் ஒட்டின உறையைப் பிரிச்சுத் திரும்ப எழுதறேன், படிச்சதும் அடுப்புல போட்டுடு. அப்பா மேட்டுல காளான் முளைச்சு நிக்குது, தொப்பி ஒவ்வொண்ணும் என் உள்ளங்கை அகலம், ஒரு புழு இல்லை. ஒண்ணையும் பறிக்கலைக்கா, இலையைப் போட்டு மூடிட்டு வந்துட்டேன். அது ரொம்ப நாள் தாங்காது. வழி எழுத மாட்டேன், நீ மறந்திருந்தாலும் எழுத மாட்டேன், கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுத்தான் போவேன். அக்டோபர்ல வரலைன்னு அந்த இல்லத்துக்குச் சொல்லிடு, காளான் நவம்பர் வரைக்கும் வரும், அப்புறம் குளிர்காலம், குளிர்ல யாராவது வீடு மாறுவாங்களா? இங்க ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. இந்தச் சனிக்கிழமை முதல் ரயில்ல வா. கூடையைத் துணி போட்டு மூடிக்கோ. யாராவது கேட்டா பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லு.