எட்டுப் பேர் வசித்த குடிசை

எலிப்பொறி வாங்கி, அதன் கதவைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே பழைய வேட்டித் துணி விரித்து எலியைப் படுக்க வைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். உதியன்குளங்கரைப் பக்கம் தேங்காய் உடைத்துக் கொப்பரை உலர்த்தும் வேலை அவருக்கு. பெற்றவர்கள் வைத்த பெயரை மறந்து ஊரே அவரை எலியண்ணன் என்றது.

மொத்தம் ஏழு எலிகள். எதற்கு எந்தத் தீனி பிரியமோ அதுவே அதன் பெயர். சக்கைக்குருவுக்குச் சுட்ட பலாக்கொட்டை. அச்சப்பத்துக்குக் கிறிஸ்துமஸ் வந்து வீடுகளில் அச்சுமுறுக்கு சுட்டால் கொண்டாட்டம். கருவாடு என்ற கிழட்டு எலி, பொழியூர் மீன்காரி கொண்டுவரும் நெத்திலி இல்லையென்றால் கோபித்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிடும். சுட்ட தேங்காய் மட்டும் ஏழுக்கும் பொது. தின்றுவிட்டு அவை தூங்கும்; அவரும் பக்கத்தில் சாய்ந்து பார்த்துக்கொண்டே கிடப்பார்.

"எலி சொப்பனம் காணும், தெரியுமா மக்கா? மூக்கு துடிச்சா தேங்கா. வாலு துடிச்சா பூனை" என்பார் என்னிடம்.

"பூனை வந்தா என்ன செய்விய அண்ணே?"

"மெதுவா முதுகத் தடவுவேன். சொப்பனம் மாறிப்போவும்."

நான் அப்போது நிலச்சீர்திருத்த ஆபீசில் புதுக் குமாஸ்தா. அடுத்தவர் மண்ணில் குடிசை போட்டு வாழ்பவருக்கு அந்த மண் சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. எலியண்ணனும் மனுக் கொடுத்திருந்தார். ஆனால் நிலக்காரரின் மகன் பேர்ஷியாவிலிருந்து - வளைகுடாவை அப்போது அப்படித்தான் சொல்வோம் - பணம் அனுப்பத் தொடங்கியிருந்தான். குடிசை இருக்கும் இடத்தில் கான்கிரீட் வீடு வர வேண்டுமாம். அங்கே யாரும் குடியிருக்கவே இல்லை என்று நிலக்காரரின் காரியஸ்தர் எதிர்மனு கொடுத்துவிட்டார். நேரில் பார்த்து முடிவு செய்ய ஆபீசரும் நானும் போனோம்.

உள்ளே நுழைந்தால் குடிசை காலியாக இருந்தது. பெரிய உத்தியோகஸ்தர் வருகிறார், எலியைக் கண்டால் காரியம் கெட்டது என்று எலியண்ணனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனிதர் எலிகளைப் பொறியோடு தூக்கிப்போய் அடுத்த வீட்டு வைக்கோல்போரில் விட்டுவிட்டார். அதோடு நின்றாரா? தரையைச் சாணத்தால் மெழுகி, அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டி, பாயையும் சட்டிபானையையும் பின்பக்கம் ஒளித்து, மனிதவாசனையே இல்லாமல் துடைத்து வைத்திருந்தார்.

காரியஸ்தர் அடுப்புக்குள் கையை விட்டார். "பாத்தியளா சாறே? ஒரு பிடி சாம்பல் உண்டா? ஆளு குடியிருந்து தாமசிக்கிற இடமா இது?"

"வாறவியளுக்குச் சுத்தமா இருக்கட்டும்னு செஞ்சதாக்கும் சாறே..." என்றார் எலியண்ணன்.

ஆபீசர் உதட்டைப் பிதுக்கினார். குடியிருப்பு இல்லை என்று எழுத நான் பேனாவைத் திறந்தேன், வேறு வழியில்லாமல்.

"என்ன வேணும்னாலும் எழுதுங்க. ஒரு கட்டன் சாயா குடிச்சிட்டு எழுதுங்க" என்றார் எலியண்ணன். குடிசையே போனாலும் வந்தவர் வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்பது அவர் கட்சி. பின்பக்கத்திலிருந்து பாத்திரமும் ஒரு ஸ்டூலும் வந்தன. அடுப்பு எரிந்தது. சாயாவுக்குத் துணையாக நாலு தேங்காய்க் கீற்றைக் கனலில் போட்டார். வெளியே சாரல். புகை கூரையில் கசிந்து, வேலியைத் தாண்டி, வைக்கோல்போரின் மேல் மெல்லப் படுத்துக்கொண்டது. நான் வந்த வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலி இடுக்கில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு இன்னொன்று. ஏழும் வந்தன. ஆபீசரின் செருப்பைச் சுற்றிக்கொண்டு நடந்து, அடுப்பங்கரையில் வரிசையாகக் குந்தின. காரியஸ்தர் ஒரே தாவில் ஸ்டூலின் மேல் ஏறிவிட்டார்.

எலியண்ணனுக்கு முகம் வெளிறிப்போயிற்று. "எலே, போங்கலே! சாறு போனப்பொறவு தாறேன்!"

ஒன்றாவது கேட்க வேண்டுமே! தேங்காயைத் தின்று முடித்து, கருவாடு அவர் மடியில் ஏறித் தூங்கியே போனது.

ஆபீசர் சாயாவை ஆற அமரக் குடித்தார். பிறகு காரியஸ்தரை நிமிர்ந்து பார்த்தார். "ஆளில்லாத வீட்டுல எலிக்கு என்ன சோலி ஓய்? ஸ்டூலு மேல நிக்கிற உம்மயா தேடி வந்துது?" என்னிடம் திரும்பி, "எழுதுடே. தாமசம் உண்டு" என்றார்.

எழுதினேன். வசிப்போர் எத்தனை பேர் என்ற இடம் வந்தது.

"ஒருத்தர்தானே அண்ணே?"

அவர் குனிந்து மடியைப் பார்த்தார். அங்கே கருவாட்டின் வால் துடித்துக்கொண்டிருந்தது. மெதுவாக முதுகைத் தடவினார். வால் அடங்கி, மூக்கு துடிக்க ஆரம்பித்தது.

நான் 'எட்டு' என்று எழுதினேன். ஆபீசர் பார்த்தும் பார்க்காததுபோல் கையெழுத்துப் போட்டார். பிறகு நானும் பேர்ஷியா போய் எத்தனையோ தாள்களில் எழுதித் தள்ளிவிட்டேன். அந்த எட்டைவிட உண்மையான ஓர் எழுத்தை என் கை இன்றுவரை எழுதவில்லை.