மைக்கில் மூழ்கிய கப்பல்

கதை எழுதுகிற இளைஞனை மைக் பக்கம் விடவே கூடாது. என்னை விட்டார்கள்.

அறுபதுகளில் நான் போர்ட் பிளேயரில் குமாஸ்தா. மரைன் ஹில்லில் ஜாகை. காண்ட்ராக்டர் சண்முகத்தின் மகள் வள்ளியைக் கட்டிக்கொள்ள ஆசை. "வேலை சரி, வேற என்ன திறமை?" என்று அவர் கேட்டதோடு பேச்சு நின்றிருந்தது. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒரு கதை வாசித்து மனிதரை அசத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

வள்ளியும் அவள் அம்மாவும் அப்போது மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தார்கள். அது தெரிந்தும் நான் எழுதியது புயலில் சிக்கிய கப்பல் கதை. (புத்தி அவ்வளவுதான்.) உத்திக்குக் குறைச்சலே இல்லை. பயம் வர வாக்கியம் மூச்சு வாங்க வேண்டும் என்று வார்த்தைக்கு ஒரு புள்ளி வைத்தேன். கடல் வாயைப் பிளந்தது, காற்று ஒப்பாரி வைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பலின் வயர்லெஸ்காரன் நேரடியாகப் பேசுவது போலவே முழுக்கதையும்.

"போர்ட் பிளேயர், கேட்கிறதா? மெட்ராஸ் கப்பல் பேசுகிறேன். இருட்டு. தண்ணீர். மூழ்குகிறோம். மூழ்குகிறோம்."

விழா மண்டபத்துக் குழாய் ஸ்பீக்கரை பஜார் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்கள். மெயின்லாண்டிலிருந்து யாராவது ஒருவர் கப்பலில் வராத வீடு அந்த ஊரில் ஏது? வெளியே அலறல் கேட்டது. உள்ளே இருந்தவர்களும் எழுந்து ஓடினார்கள். ஜனம் சோகம் தாங்காமல் ஓடுகிறது என்று பூரித்துப்போய் நான் குரலை இன்னும் உயர்த்தினேன். கடைசியில் சங்கச் செயலாளர் மைக் வயரைப் பிடுங்கினார்.

"நிறுத்துப்பா. நெசமாவே ஜஹாஜ் முங்கிருச்சுன்னு ஊரே ஜெட்டிக்கு ஓடுது."

சண்முகம் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தாராம். நான் கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்கு ஓடியபோது ஒற்றைச் செருப்போடு அழுதுகொண்டு நின்றார். கப்பல் நன்றாக இருக்கிறது என்று துறைமுகத்துக்காரர் இந்தியில் எவ்வளவோ சொல்லியும் நம்பவில்லை. எனக்கு ஒரு உவமையும் வரவில்லை. அதுவரை நான் 'சார்' என்றே கூப்பிட்டவரைப் பார்த்து உளறினேன்.

"மாமா, கதை மாமா. நான் எழுதினது மாமா."

"அப்போ எம்புள்ள?"

"நல்லாருக்கு மாமா. நாந்தான் முக்கிட்டேன்."

முதலில் கட்டிப்பிடித்து அழுதார். அப்புறம்தான் அறைந்தார்.

மறுநாள் கப்பல் வந்தது. விஷயம் கேட்டு வள்ளி ஜெட்டியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சண்முகத்துக்கும் மனசு இளகிவிட்டது. ஒரே நிபந்தனை போட்டார்: முடிவை மாற்றி எழுதி, கல்யாணத்தில் அதே மைக்கில் நான் வாசிக்க வேண்டும்.

வாசித்தேன். "கப்பல் வந்தது." அவ்வளவுதான் கதை. பந்தலே கைதட்டியது. வள்ளி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எந்த ஊருக்குப் போனாலும், போய்ச் சேர்ந்ததும் சொல்கிற முதல் வார்த்தை அதுதான். போன மாதம் பேத்தி டெல்லியில் விமானத்தை விட்டு இறங்கியதும் போன் செய்தாள்.

"பாட்டி, கப்பல் வந்துருச்சு."

"சரி கண்ணு, தாத்தாவைச் சாப்பிடச் சொல்றேன்" என்றாள் வள்ளி.