மாதுளைச் சிவப்பில் ஒரு குடும்பப் படம்

இந்த வருடப் பெருநாள் படத்துக்கு வீட்டில் யார் எதை உடுத்துவது என்பதைத் தாமே தீர்மானிக்கப் போவதாக பூஷ்தா அறிவித்தார். மொராக்கோவின் மெக்னெஸ் நகரில் எந்தக் கணவனும் அதுவரை துணியாத காரியம் அது. சொந்தச் சட்டையின் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதையே மனைவி கல்தூம் சொல்லித்தான் அவர் தெரிந்துகொள்வார்.

அறிவிப்புக்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று, ஒரு பள்ளம். விருந்தறையின் மூன்று சுவர்களையும் ஒட்டிக் கிடந்த கம்பளி மெத்தைகளில், சன்னலோர மூலையில், பல்லாண்டுப் பகல் தூக்கத்தால் அவர் உடம்பே குடைந்தெடுத்த பள்ளம். அதில் சாய்ந்தால் உலகம் மறையும். அந்த மாதுளைச் சிவப்பு மெத்தைகளைத் தள்ளிவிட்டுப் புதிது போடவேண்டும் என்று கல்தூம் ஆண்டுதோறும் கேட்பாள். அவர் ஆண்டுதோறும் மறுப்பார். இம்முறை படத்தைச் சாக்கிட்டு, உடுப்புக்கும் மெத்தைக்கும் ஒத்துப்போகவில்லை என்று தொடங்குவாள் என மோப்பம் பிடித்துவிட்டார்.

"எல்லாரும் மாதுளைச் சிவப்பு!" என்றார். "மெத்தை நிறந்தான் உடுப்பு நிறம். ஒத்துப்போகலன்னு எவளும் வாயைத் திறக்க முடியாது."

"சரிங்க."

"என்ன சரிங்க?"

"நீங்க சொன்னா சரிதாங்க."

 சண்டைக்கென்று பூஷ்தா தயாரித்து வைத்திருந்த வாதங்கள் வாய்க்குள்ளேயே ஊசிப்போயின.

"உன் மனசுல வேற ஏதாச்சும் இருக்கா?"

"நோன்பு நாள்ல மனசுல என்னங்க இருக்கும்? பசிதான்."

நிறம் ஓர் இழைகூட மாறிவிடக் கூடாதென்று, மெத்தை உறையின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டியெடுத்துத் துணிக்கடைக்குப் போனாள் கல்தூம். அத்தகைய கீழ்ப்படிதல் எந்தக் கணவனையும் எச்சரித்திருக்கும். பூஷ்தா பெருமைப்பட்டார்.

பெருநாளுக்கு முந்தின பகல், படக்காரன் மய்மூன் வந்தான். தொப்பி வைத்த நீள அங்கியான சிவப்பு ஜெல்லாபாவில் பூஷ்தா, பெண்கள் அணியும் சிவப்பு கஃப்தான் அங்கியில் கல்தூம், சிவப்பு கவுன்களில் இரண்டு மகள்கள். மெத்தைமேல் வரிசையாக உட்கார வைத்து ஒன்று எடுத்தான். கேமராவைப் பார்த்தான். அறையைப் பார்த்தான். மறுபடி கேமராவைப் பார்த்தான்.

"ஹாஜி, எங்க இருக்கீங்க?"

"இங்கதாம்ப்பா!"

"இங்க இருக்கீங்க. படத்துல காணோமே."

படம் முழுவதும் சிவப்பு. அதில் நான்கு தலைகளும் சில கைகளும் மிதந்தன. பூஷ்தாவின் தாடி, மெத்தைமேல் யாரோ மறந்துவிட்டுப் போன துணி பிரஷ்போல் கிடந்தது.

"டாஞ்சியர்ல அண்ணிக்கு அனுப்பணுமே," என்று கவலைப்பட்டாள் கல்தூம். "உடம்பெல்லாம் எங்க போச்சுன்னு கேப்பாங்க."

"பழைய உடுப்பைக் கொண்டா!"

"தருமத்துக்குக் குடுத்தாச்சே."

"தையல்காரன்?"

"கடையைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டான்."

"வாசல்ல நின்னு எடுத்துக்குவோம்!"

"விருந்தறை இருக்க, வாசல்ல நின்னா, வீடு கைவிட்டுப் போயிடுச்சுன்னுல்ல நினைப்பாங்க?"

"அப்ப மெத்தையைத்தான் மாத்தணும்!"

சொன்ன பிறகுதான் அது தம்முடைய குரல் என்பது அவருக்குப் புரிந்தது.

"வேண்டாங்க," என்றாள் கல்தூம், கண்ணைத் துடைத்தபடி. "அது உங்க இடம். எனக்கு மனசு வராது."

"மாத்துன்னா மாத்து! இந்த வீட்டுல யார் பேச்சு நடக்குது?"

"உங்க பேச்சுதாங்க."

அடுத்த கணம் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பச்சை உறையிட்டு, அடுப்பில் உப்பிய ரொட்டிபோல் புடைத்த புது மெத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. பழையவை, பள்ளத்தோடு, அதே வழியாக வெளியே போயின.

"இதெல்லாம் எப்போ தயாராச்சு?" என்று திணறினார் பூஷ்தா.

"நீங்க கட்டளை போட்டா உடனே நடக்கணுமில்லையா?"

"அடடா, பச்சையும் சிவப்பும்! நம்ம நாட்டுக் கொடியேதான்!" என்றான் மய்மூன். கொடியைப் பூஷ்தா எப்படிக் குறைசொல்வார்? குழம்பிய தலையை எங்கேயாவது சாய்க்க எண்ணிச் சன்னலோர மூலைக்குப் போய் மெல்லக் குனிந்தார்.

"ஐயையோ, உக்காராதீங்க!" என்று அலறினாள் கல்தூம். "நாளைக்கு விருந்தாளிங்க வரணும். நீங்க உக்காந்தா அமுங்கிடும்!"

படம் அற்புதமாக வந்தது. மூன்று பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள். குடும்பத் தலைவர், உட்கார அனுமதி கிடைக்கும் வரை, பின்னால் நிற்கிறார்.