மாதா பல்பும் செத்த பெட்டரியும்

கந்தப்பளை,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகன் ஜெரோஷனுக்கு,

அப்பா இக்னேசியஸ் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நாங்கள் இருவரும் சுகம். உன் மோட்டார் பைக் மட்டும் சுகமில்லை. போனில் சொல்லலாமென்றால் உன் அம்மா பக்கத்திலேயே காதை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதனால் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் தனுஷனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ பைக்கில் பூட்டிவிட்டுப் போன சாமான்கள் உனக்கே ஞாபகம் இருக்குமோ தெரியாது. போன் சார்ஜர், பனிக்கு ரெண்டு லைட், திருடனுக்கு அலாரம் (இதுவரை திருடனைக் கண்டு கத்தியதில்லை, நாய் தும்மினால் கத்துகிறது, லயத்து வீடுகள் அத்தனையும் எழுந்து என்னைத்தான் முறைக்கிறது), போதாததற்கு ஹேண்டிலில் மாதா சுரூபம், அதன் காலடியில் நீல பல்பு. "நான் வர்ற வரைக்கும் இது அணையாதும்மா"ன்னு சொல்லிட்டுப் போனாயாம். வர்ற கிறிஸ்மஸ், வர்ற கிறிஸ்மஸ் என்று மூன்று கிறிஸ்மஸ் போய்விட்டது, மூன்று பெட்டரியும் போய்விட்டது. போன செவ்வாய் நுவரெலியாவில் அம்மாவின் கண் ஒபரேஷனுக்கு நாள். பூசைச் சேலையைக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள், ஸ்டார்ட்டரை அமுக்கினால் 'டிக்' என்றது, அவ்வளவுதான். இறங்கு, தள்ளிப் பார்க்கிறேன் என்றால், "நீங்க தள்ளுங்க, மாதா பாத்துக்குவாங்க"ன்னு உட்கார்ந்தபடியே ஜெபமாலை உருட்டுறா. தள்ளித் தள்ளி பஸ்ஸும் போச்சு. போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. இனி அடுத்த மாதம் பதினாலாம் தேதிதான். திரும்பி வரும்போதும் அவள் ஜெபமாலையைத்தான் உருட்டிக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

கராஜ்கார ஃபாஸில் சீட்டைக் கழற்றிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "என்னங்க, உங்க மகன் எல்லாத்தையும் நேரா பெட்டரியில குடுத்திருக்காரு? சாவிய எடுத்தாலும் இழுத்துக்கிட்டேதானே இருக்கும். சாவி வழியா மாத்தினா, பைக்க நிப்பாட்டினதும் எல்லாம் நின்னுரும்."

"மாதா பல்புமா?"

"அதுவுந்தாங்க" என்றார், குரலைத் தாழ்த்தி.

நேற்றே மாற்றிவிட்டார், இன்று பூசை முடிந்துதான் பைக்கை வீட்டுக்கு எடுத்து வந்தேன். இப்போது தொட்டாலே ஸ்டார்ட் ஆகிறது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. "அணைஞ்சா ஒண்ணுமில்லம்மா"ன்னு நீ ஒரு வார்த்தை போனில் சொல்லு. நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள். ரூமில் இருக்கும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

அன்பு அப்பா,
இக்னேசியஸ்

பி.கு.: ஒட்டிய கவரைத் திங்கள் காலை மறுபடி பிரித்து எழுதுகிறேன். நேற்று பொழுது சாய்ந்ததும் அம்மா வாசலுக்கு வந்து பைக் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இப்போது என் முகம்கூட மங்கல்தான், அந்த நீல வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம். "எங்கங்க, புள்ளயோட வெளக்கக் காணோம்?" என்றாள். நான் போய்ச் சாவியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். விடிந்து பார்த்தால் பெட்டரி செத்துக் கிடக்கிறது. பதினாலாம் தேதி விடியக்காலை முதல் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறோம். நீ அவளிடம் ஒன்றும் சொல்லாதே. வந்து நீயே அணை.