காந்தம் பாயும் அந்தோணியார் சக்கரங்களும்

மயிலாடுதுறை முழுக்கச் சலித்தாலும் காந்தம் பாயை ஏமாற்றிய மனிதன் ஒருவன் கிடைக்க மாட்டான். ஏமாற்ற நினைக்காத மனிதன் ஒருவனும் கிடைக்க மாட்டான் என்பது பாயின் கட்சி.

எங்களுக்கு எதிர் வீடு. வளைகுடாவில் மோட்டார் உதிரி பாகக் கிடங்கில் டூப்ளிகேட்டைப் பொறுக்கித் தள்ளியே காலம் தள்ளியவர். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் செண்டும் போர்வையும் கொண்டு வருவார்கள். இவர் சட்டைப் பையில் ஒரு காந்தத்தோடு வந்து இறங்கினார். முதல் தடவை எங்கள் வீட்டில் காபி கொடுத்தபோது டம்ளரில் அது ஒட்டுகிறதா என்று வைத்துப் பார்த்து, "பித்தளைதான்" என்று நற்சான்று வழங்கிவிட்டுத்தான் குடித்தார். என் மனைவிக்கு அன்று ஏறிய கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு பழைய கார் வாங்கினார். யாரோ மிராசுதாரின் நெல் கிடங்கில் கோழி அடைந்து கிடந்த, கூரை திறந்த சீமைக் கார். எஞ்சினைப் பிரித்து மாட்டி, தகரம் தட்டி, பெயின்ட் அடித்து, எல்லாம் ஆயிற்று. சக்கரம் மட்டும்தான் பாக்கி. அந்தக் காருக்கு நியாயமாக இருக்க வேண்டியது கம்பிச் சக்கரம். சைக்கிள் சக்கரம் போலக் கம்பி கோத்தது. எவனோ அதைக் கழற்றி விற்றுவிட்டு ஜீப் சக்கரத்தை மாட்டியிருந்தான். பாய் அந்த நான்கையும் பிடுங்கி எறிந்துவிட்டு, காரைச் செங்கல் அடுக்கின் மேல் நிறுத்திவிட்டார். அதே கம்பெனி, அதே வருஷம், அதே கம்பிக் கணக்கு. அது கிடைக்கிற வரைக்கும் வண்டி தரையைத் தொடாது என்றார்.

இங்கேதான் அவர் மனைவி மைமூன் வருகிறார். மகள் சபீராவுக்கு நிக்காஹ் நிச்சயமாகிவிட்டது. பந்தல் போட அந்த வாசல்தான் வேண்டும். பந்தக்கால் ஊன்ற ஆள் வருவதற்குள் கார் தன் காலில் வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரர் வண்டியில் போகும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இரும்புக்காரரும் ஒருநாள் வந்து காரைச் சுற்றிப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார். மைமூன் சொன்னால் சொன்னதுதான்.

தற்காலிகமாக ஜீப் சக்கரத்தையே மாட்டி நகர்த்திவிடலாமே என்றேன்.

"வேணாம் சார். ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டா, இதுவே போதும்னு நானே சொல்லிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா?"

ஊரையே சந்தேகப்பட்டு முடித்துவிட்டுத் தன்னிடம் வந்து நின்ற மனிதர் அவர்.

தனியாகப் போனால் எங்காவது வம்பை விலைக்கு வாங்கி வந்துவிடுவார் என்று மைமூன் என்னையும் துணைக்கு அனுப்பினார். என் ஸ்கூட்டரில் தேடல் தொடங்கியது. தஞ்சாவூரில் ஒருவர் கண்ணாடி மாதிரி மின்னும் சக்கரங்களைக் காட்டினார். இந்த வண்டியின் அசல் சக்கரம் இப்படி மினுக்காது என்று பாய் வாசலோடு திரும்பிவிட்டார். வேதாரண்யம் பக்கம் ஒரு கடையில் நான்கு சக்கரம் இருந்தது. துருவென்றால் அப்படியொரு துரு. பாய் காந்தத்தை வைத்தார். காந்தம் எந்த இரும்பிலும்தான் ஒட்டும், அசலா போலியா என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்து அவர் குனிந்து ஒரு கம்பியை நக்கினார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"உப்புக் கரிக்குது. உப்பளத்துல எத்தனை நாள் ஊறப் போட்டீங்க?"

"இந்த ஊர்ல என்னை நக்கினாலும் உப்புதான் பாய் கரிக்கும்" என்றார் கடைக்காரர்.

பாய் சாவியால் துருவைச் சுரண்டினார். அடியில் புத்தம் புது இரும்பு பல்லைக் காட்டியது. கடைக்காரர் உடனே எங்களுக்கு டீ சொன்னார். பாய் அந்த டீயையும் நம்பவில்லை.

பந்தல் நாள் நெருங்கிவிட்டது. தரங்கம்பாடியில் ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய், இல்லையென்று தெரிந்து திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்து அந்தோணியார் கோயிலில், சப்பரம் நிறுத்தும் கொட்டகையில் ஒதுங்கினோம். திருவிழாவில் அந்தோணியார் சுரூபத்தை ஏற்றி ஊர்வலம் இழுக்கும் வண்டிதான் சப்பரம். நான் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். பாயைக் காணோம். பார்த்தால் சப்பரத்துக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார்.

வருஷா வருஷம் அடித்த பச்சைப் பெயின்டுக்குள் நான்கு கம்பிச் சக்கரங்கள். என்னையும் உள்ளே இழுத்துப் படுக்கவைத்து டார்ச்சைப் பிடிக்கச் சொன்னார். சாவியால் சுரண்டச் சுரண்டக் கம்பெனிப் பெயர் வந்தது. பின்னாலேயே வருஷமும் வந்தது.

"கெடச்சிருச்சு சார். மூஞ்சியைச் சாதாரணமா வச்சுக்குங்க. தெரிஞ்சா வெலையை ஏத்திடுவானுங்க."

மூஞ்சியைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு வெளியே ஊர்ந்தோம். ஊரே குடையோடு நின்றுகொண்டிருந்தது. எங்கள் வட்டாரத்தில் கோயிலுக்குள் டார்ச்சோடு படுத்திருக்கும் அசலூர்க்காரன் என்றால் ஒரே அர்த்தம்தான்: சிலை திருட வந்தவன். சாமிக்கு அடியில் என்ன வேலை என்று நாட்டாமை சவரிமுத்து அமைதியாகக் கேட்டார். சக்கரம் பார்த்தோம் என்றோம். சிரித்தார்கள். ஸ்கூட்டர் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே என் மனைவி வாங்கிவரச் சொன்ன கருவாடுதான் இருந்தது. எனக்கு மானம் போனது. பாயோ என் காதில், இவ்வளவு காவல் காக்கிறார்கள் என்றால் சக்கரத்தின் மதிப்புத் தெரிந்தவர்கள்தான் என்று கிசுகிசுத்தார்.

கடைசியில் வேறு வழியில்லாமல் போனில் கார் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். செங்கல், மைமூன், பந்தல், இரும்புக்காரர், ஒன்றுவிடாமல். முன்பின் தெரியாத ஒருவரிடம் பாய் மனம்விட்டுப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சவரிமுத்து பங்குச் சாமியாரையும் பெரியவர்களையும் கலந்துகொண்டு வந்தார்.

"சக்கரத்தைக் குடுத்துட்டா அந்தோணியாரு எதுல வருவாரு? நீங்க வண்டியை இங்க கொண்டாங்க. இந்த வருஷம் அவரு அதுலயே வரட்டும்."

வரும் வழியெல்லாம் பாய் புலம்பினார். இது சதி, சக்கரத்தோடு காரையும் அமுக்கப் பார்க்கிறார்கள் என்றார். ஆனாலும் பந்தல் கம்பு வந்து இறங்கிய அன்று காலையிலேயே கார் மினி லாரியில் ஏறிவிட்டது. மைமூன் வாசலில் நின்று, லாரி தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் கண்ணைத் துடைத்தார் என்று நான் கேட்கவில்லை.

சக்கரம் மாட்டி, செங்கல் இல்லாமல் கார் நின்றபோது நானே அதை ஒரு தடவை சுற்றி வந்தேன். திருவிழாவன்று பின் சீட்டில் பூவுக்கு நடுவே அந்தோணியார், முன்னால் தொப்பி போட்ட காந்தம் பாய். நடக்கிற வேகத்தில் வண்டி உறுமிக்கொண்டு வந்தது. பெண்கள் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். புதுப் பெயின்டில் மெழுகுவத்தி சொட்டியது. காக்கை உட்கார்ந்தாலே கல்லெடுக்கும் மனிதர், தன் பாட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பாய் சண்டைக்குத் தயாராக நின்றார். நானும் தெரிந்த வக்கீல் ஒருவரின் நம்பரோடு போயிருந்தேன். சவரிமுத்து சீரியல் பல்பைச் சுருட்டிக்கொண்டே, ஓட்டிக்கொண்டு போங்கள், அடுத்த வருஷத் திருவிழாவுக்கும் இதே வண்டியோடு வந்துவிடுங்கள் என்றார்.

"எழுதி ஏதாவது வாங்கிக்கலியா?" என்றார் பாய்.

"எதுக்கு பாய்?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பல்பை அவிழ்க்கப் போய்விட்டார்.

பாய்க்கு அதுதான் பெரிய அடி. பாதி வழியில், வாய்க்கால் மதகுப் பக்கம் காரை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"நாலு சக்கரத்தையும் குடுத்துட்டு ஒரு கையெழுத்துகூட வாங்கல. என்ன திட்டம்னே புரியலியே சார்."

திட்டமெல்லாம் இல்லை, உங்களை நம்புகிறார் என்றேன்.

"என்னை யாருன்னே அவருக்குத் தெரியாதே" என்றார். குரல் உடைந்துவிட்டது. கண்ணில் தூசி என்றார். ராத்திரி பெய்த மழையில் ரோடு நனைந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பந்தல் எழும்பியிருந்தது, கார் நிறுத்த இடமில்லை. நேரே எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். சாவியை என் கையில் வைத்தார். எதற்கு என்றேன். சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றைக்கு முழுக்க, இதில் என்ன சூது இருக்கிறதோ என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன்.

நிக்காஹ் முடிந்து, பந்தல் பிரித்து, வாசல் காலியாகிவிட்டது. கார் தன் வீட்டுக்குப் போய்விட்டது. சாவி மட்டும் என்னிடமே இருக்கிறது. வண்டி எடுக்கும்போதெல்லாம் பாய் வந்து கேட்டு வாங்கிப் போகிறார். வந்ததும் திருப்பிக் கொடுக்கிறார். இரண்டு நாள் அவர் வந்து கதவைத் தட்டாவிட்டால் எனக்கு வீடு வெறிச்சென்று இருக்கிறது.