இசைக் காவலர் கூட்டத்தில் இருக்கிறார்

இசைக் காவலர் என்றொரு இனம் உண்டு. எங்கள் ஓஹையோ ஊரில், பொது வானொலி நன்கொடை கேட்கும் மாதங்களில் இது கூட்டம் கூட்டமாகத் தென்படும்: தோளில் நன்கொடையாளர்களுக்குத் தரும் துணிப்பை, கையில் அதே வானொலியின் பெயர் போட்ட காபிக் குவளை, காரின் பின்புறம் பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தின் படம் போட்ட ஸ்டிக்கர், காருக்குள் பங்குச் சந்தைச் செய்தி. இசையைக் காப்பாற்றுவதில் இதற்கு இருக்கும் வெறியில் பாதி அதைக் கேட்பதில் இருந்திருந்தால், காப்பாற்ற வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஓய்வுபெற்ற பல் மருத்துவர் நார்பர்ட் ஹால்டமனைப் பாருங்கள். முப்பது வருடமாகச் சனிக்கிழமை நாலு மணிக்கு ஒடெஸ்ஸா புரூயிட் நடத்திவந்த நாட்டுப்புறப் பாட்டு, புளூஸ் நிகழ்ச்சியைப் பொது வானொலி திடீரென்று நிறுத்திவிட்டு, தூக்கத்தின் மகத்துவம் பற்றி இருவர் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சியைப் போட்டதும் அவர் கொதித்தார். கண்டனப் பலகை எழுதினார். தனக்கு வாசிக்கத் தெரியாத பாஞ்சோவோடு வானொலி வாசலில் நின்றார். இரண்டே நாளில் தலைவர், செயலாளர், மூன்று துணைக்குழுக்கள் சகிதம் பாதுகாப்புக் குழு பிறந்தது. கூட்டம் என்றைக்கு? சனிக்கிழமை நாலு மணிக்கு. இப்போது அந்த நேரம்தானே எல்லோருக்கும் காலி!

இதற்கிடையே, டயர் கடை மாடியில் இருக்கும் சமூக வானொலி ஒடெஸ்ஸாவைக் கூப்பிட்டது. அதே சனிக்கிழமை, அதே நாலு மணி, ஒரே ஒரு சோதனை ஒலிபரப்பு. வானொலியை நடத்தும் லூப்பே நிபந்தனை போட்டாள்: "ஒரு மணி நேரத்துல அஞ்சு பேராவது போன் பண்ணிப் பாட்டு கேக்கணும், ஒடெஸ்ஸாம்மா. இல்லன்னா இந்த நேரம் நாய் வளர்ப்புக்குப் போயிடும்."

லாரி ஓட்டுநர் ஒருவர் கூப்பிட்டார். பிறகு ஒரு சலவைக் கடைப் பெண். முதியோர் இல்லத்திலிருந்து இருவர், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே. ஆயிற்று நான்கு. ஐந்து மணிக்கு இன்னும் மூன்றே நிமிடம். இந்த முறை ஒடெஸ்ஸாவின் கைபேசி மணி அடித்தது.

"ஒடெஸ்ஸா! நார்பர்ட் பேசறேன். உங்க நிகழ்ச்சியக் காப்பாத்த இங்க நாப்பது பேர் உக்காந்திருக்கோம். நீங்க வந்து நாலு வார்த்த பேசக் கூடாதா?"

"நிகழ்ச்சியிலதான் இருக்கேன், டாக்டர். இன்னிக்கு நாலு மணிக்கு இந்த வானொலியிலன்னு லெட்டர் போட்டேனே?"

"அத அடுத்த கூட்டத்துல விவாதிக்கிறதா இருக்கோம்."

"சரி, போகட்டும். ஒரு பாட்டுப் பேரு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு!"

முப்பது வருட ரசிகர் இருமினார். "அதான்... அந்த ரயில் போகுமே... அவளும் போயிடுவாளே..."

"எல்லாப் பாட்டுலயும் அதுதான், டாக்டர்" என்று ஒடெஸ்ஸா கைக்குக் கிடைத்த இசைத்தட்டைச் சுழலவிட்டாள். லூப்பே அழைப்புக் கணக்கில் ஐந்தாவது கோட்டைப் போட்டாள். நிகழ்ச்சி பிழைத்தது.

குழு அதைக் கேட்கவில்லை. மறைந்த நிகழ்ச்சிக்காக எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தது.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் ஊர் நூலகத்தை மூடக் கூடாது என்று போன மாதம் ஆவேசமாகக் கையெழுத்துப் போட்டீர்களே, அது எந்தத் தெருவில் இருக்கிறது?