கையெழுத்தைத் திருப்பிக் கொடுத்த பேஜாரண்ணன்

கையெழுத்து கேட்டு அலைந்தவர்கள் இந்த நாட்டில் கோடிப்பேர் இருப்பார்கள். தானாக வந்த கையெழுத்தை, "வாணாம், எடுத்துக்கினு போ" என்று திருப்பி அனுப்பியவர் ஒருவர்தான். அவர் எங்கள் பேஜாரண்ணன். அந்த மனிதர் என்னைத் தேர்தலில் நிறுத்தக் கிளம்பியதுதான் என் நேரம்.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் கதவுக்குக் கீல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்குப் பேக்கிங் பிரிவில் வேலை. பேஜாரண்ணன் அங்கே வெல்டர். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டால் இறக்கவே மாட்டார். ரயிலிலும் அப்படித்தான், சந்தையிலும் அப்படித்தான். கட்டிய மனைவியே அவர் நெற்றியை முழுசாகப் பார்த்ததில்லை என்று ஒரு பேச்சு உண்டு.

எதற்கெடுத்தாலும் "இன்னாத்துக்கு?" என்று கேட்பார். "லேட்டாயிடுச்சி, ஓடு" என்றால் நின்று, "இன்னாத்துக்கு ஓடணும்?" என்பார். ரயில் போய்விடும்.

அவருக்குப் பேர் வந்த கதை தனி. கல்யாணத்தன்று தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு, "பொண்ணுக்குச் சம்மதமான்னு யாராவது கேட்டீங்களா?" என்றாராம். பெண் குனிந்த தலையை ஆட்டியிருக்கிறாள். "தலையாட்டுனா ஆச்சா? வாயத் தொறந்து சொல்லட்டும்." மேளக்காரர் கை ஓய்ந்து போனார். முகூர்த்தம் நழுவிக்கொண்டிருந்தது. பெண்ணின் மாமன்கள் வேட்டியை மடித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். கடைசியில் மணப்பெண் நிமிர்ந்து, "சம்மதந்தான்! பேஜாரு பண்ணாம தாலியக் கட்டுய்யா!" என்று மண்டபம் அதிரக் கத்தியிருக்கிறாள். அன்றிலிருந்து அவர் பேஜார். வயதில் சின்னவர்களான எங்களுக்குப் பேஜாரண்ணன்.

ஒரு மழை நாளில் சைக்கிளை எடுக்க வந்தவர், சைக்கிள் கொட்டகையில் நாங்கள் பெண்கள் நின்றபடி டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டார். கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் எங்களோடு பேக்கிங்கில் இருந்த கன்னியம்மாவின் குழம்பில் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னாத்துக்கு இங்க நின்னு துன்றீங்க?"

"பொம்பளைங்களுக்கு கேன்டீன்ல எடமில்லண்ணா."

"யாரு சொன்னது?"

எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் வேலைக்குச் சேரும்போதே அப்படித்தான் இருந்தது. அவர் விடுவாரா? மானேஜரைக் கேட்டார். மேஸ்திரி சொன்னதாக அவர் சொன்னார். மேஸ்திரி மானேஜரைக் காட்டினார். சமையற்காரரோ, "அதுங்களுக்கே கூச்சம்ப்பா" என்றார். ஆக, யாருமே சொல்லாத ஒரு சட்டத்தால் நாங்கள் மழையில் நனைந்த சோறு தின்றுகொண்டிருந்தோம்.

அந்தச் சமயம் கேன்டீன் கமிட்டிக்குத் தேர்தல் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். வழக்கமாக மேஸ்திரி ஒருவர்தான் நிற்பார், போட்டியின்றி ஜெயிப்பார். நிற்க வேண்டுமானால் இருபது தொழிலாளர்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மேஸ்திரியை விரோதித்துக்கொள்ள இருபது பேருக்கு எங்கே போவது?

"ஒங்கள்ல ஒருத்தி நிக்கணும்" என்றார் பேஜாரண்ணன். எல்லாப் பெண்களும் ஒரே சமயத்தில் என்னைக் காட்டினார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், வாயாடி. இரண்டில் எது காரணம் என்று யாரும் சொல்லவில்லை.

"எனக்குப் பயமா இருக்குண்ணா."

"பயந்துக்கினே நில்லு. நிக்கறதுதான் முக்கியம்."

வேட்டை தொடங்கியது. முதலில் லேத் ஓட்டும் ஒரு பையன். படிக்காமலே சரக்கென்று போட்டான். எனக்கு ஒரே சந்தோஷம்.

"இன்னாத்துக்குப் போட்ட?" என்றார் அண்ணன்.

"நீ சொன்ன, போட்டேன்."

"நாளைக்கு மேஸ்திரி சொன்னா?"

"அவருக்கும் போடுவேன்."

பேனாவைப் பிடுங்கி அந்தக் கையெழுத்தை அடித்துவிட்டார். அடுத்தது பெயின்ட் பிரிவு. அங்கே ஒருத்தன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பொண்ணு லட்சணமா கீது, போட்டுடலாம்" என்றான். "நாங்க கமிட்டிக்கு ஆள் நிறுத்தறோம்டா. ஒனக்குப் பொண்ணு காட்ட வரல" என்று அதையும் அடித்தார். மூன்றாவது ஆள் டீ வாங்கித் தந்தால் போடுவதாகச் சொன்னான். அண்ணன் டீயை வாங்கிக் கொடுத்தார், கையெழுத்தை வாங்கவில்லை.

தாள் முழுக்க அடித்தல். புதுத் தாள் எடுக்க வேண்டியதாயிற்று. கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இந்தாளு நம்மள எலக்சன்ல நிறுத்துறாரா, நிறுத்தாம இருக்க வழி பாக்குறாரா?"

ஆனால் எதிர்த்துப் பேசுகிறவன் கிடைத்தால் அண்ணனுக்குப் புது மாப்பிள்ளைக் களை வந்துவிடும். அப்படிக் கிடைத்தவர் கட்டிங் மெஷின் முனிரத்தினம். ஆந்திர எல்லையில் ஆரம்பாக்கத்துப் பக்கம் ஊர், வயதானவர்.

"மெஷின் சூட்டுல வெந்துட்டு வரேன் நைனா. சட்டையக் கழட்டிப் போட்டுத் துன்னாத்தான் சோறு எறங்குது. பொம்பளைங்க வந்து உக்காந்தா நான் இன்னா பண்றது?"

"இதாண்டா பேச்சு!" என்று அண்ணன் அவரைக் கட்டிக்கொண்டார். வேலை விட்டதும் ஸ்டேஷன் வரை வாதம். மறுநாள் காலை ஸ்டேஷனிலிருந்து மறுபடி வாதம். நாலு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"பெரியவரே, எங்க ஊட்டு ஆம்பளைங்க மட்டும் கோட்டு சூட்டு போட்டுக்கினா துன்றாங்க? நீங்க பாட்டுக்குக் கழட்டிப் போட்டுட்டுத் துன்னுங்க. நாங்க எங்க தட்டத்தான் பாப்போம்."

முனிரத்தினம் சிரித்தார். பேனாவை வாங்கி, தெலுங்கில் நிதானமாகப் போட்டார். இப்படி ஒவ்வொருவரிடமும் வாதாடி வாங்கியதில் அதுதான் இருபதாவது கையெழுத்து.

மனு உள்ளே போனதும் மேஸ்திரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மிரட்டினார். நைட் ஷிப்ட்டுக்கு மாற்றுவேன், அது இது என்று. ஒருவர் கையெழுத்தை வாபஸ் வாங்கினாலும் என் மனு செல்லாது. நான் சாமிக்கு வேண்டிக்கொண்டு அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். முனிரத்தினத்தின் குரல் மட்டும் பேக்கிங் வரை கேட்டது.

"நாலு நாளு சண்டை போட்டுப் போட்ட கையெழுத்துய்யா அது! நீ ஒரு தபா மெரட்டி அழிச்சிடுவியா?"

ஒருவரும் பின்வாங்கவில்லை. ஓட்டுச் சீட்டில், மேஸ்திரி பெயருக்குக் கீழே என் பெயர் அச்சாகி வந்தது. கன்னியம்மா அதைத் தடவிப் பார்த்தாள்.

அப்புறம்? தோற்றுப் போனேன். நன்றாகவே தோற்றேன்.

மறுநாள் மத்தியானம் நாங்கள் வழக்கம்போல சைக்கிள் கொட்டகைக்குப் போனால், அங்கே முனிரத்தினம் சட்டையைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, ஒரு சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நாலு நாளு பேசிட்டு நான் மட்டும் உள்ள உக்காந்து துன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். அடுத்து கையெழுத்துப் போட்ட மற்றவர்கள் வந்தார்கள். அவர்களுடைய கூட்டாளிகள் வந்தார்கள். டீக்குக் கையெழுத்து விற்க வந்தவன்கூட வந்தான். கொட்டகையில் சைக்கிள் நிறுத்த இடமில்லை. சமையற்காரர் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்கும் கொட்டகைக்குமாக நடந்து நடந்து, கடைசியில் வாளியை ணங்கென்று வைத்தார்.

"எல்லாரும் உள்ள வந்து தொலைங்கய்யா! கை கழண்டு போவுது!"

உள்ளே போனோம். சுவரோரம் எங்களுக்கென்று ஒரு பெஞ்சும் வந்தது. கமிட்டி மெம்பர் என்ற முறையில் அந்த ஏற்பாட்டைச் செய்தது தான்தான் என்று மேஸ்திரி வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆனால் பேஜாரண்ணனை நினைத்தால் எனக்கு அந்த பெஞ்ச் ஞாபகம் வருவதில்லை. தோற்ற அன்று சாயங்கால பாசஞ்சர்தான் வருகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பெண்கள் பார்க்காதபடி முகத்தைத் திருப்பி அழுதுகொண்டிருந்தேன். அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தார். வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கினார். ஒவ்வொன்றாக உடைத்து, தோலை ஊதி, பருப்பை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தார். தான் ஒன்றுகூடத் தின்னவில்லை.

நான் இறங்க வேண்டியது பொன்னேரி. நடுவில் கவரைப்பேட்டை ஒன்றுதான். பொன்னேரி அவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்று எனக்கு அன்றைக்குத்தான் வருத்தமாக இருந்தது.